இறப்புக்குப் பிறகு வரும் ஆய்வு அழைப்பு: பிரான்ஸ் ஐசியுக்களிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

மனைவி ஐசியுவில் இறந்து மூன்று வாரம்தான் ஆகிறது. அந்த மனிதருக்குப் போன் போட்டு, "ஒரு ஆய்வுக்காகச் சில கேள்விகள் கேட்கலாமா?" என்று கேட்பது சரியா? நம்மில் பெரும்பாலோர் "பாவம், அவரை விட்டுவிடுங்கள்" என்றுதான் சொல்வோம். மருத்துவ ஆய்வுகளுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுக்களுக்கும் இந்தத் தயக்கம் உண்டு. நொந்துபோனவர்களை மேலும் நோகடிக்கக் கூடாது என்ற அக்கறை அது. குறை சொல்ல முடியாது. ஆனால் கேட்காமல் விடுவதும் அவர்களுக்காக மற்றவர்கள் எடுக்கும் ஒரு முடிவுதான்.

பிரான்ஸில் ஒரு குழு இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அந்தப் போனைப் போட்டுக்கொண்டிருக்கிறது. ஐசியுவில் இறந்தவர்களின் குடும்பத்தாரிடம் பேசி அவர்கள் சேர்த்தவை ஒரு தொடர்கதைபோல ஒன்றிலிருந்து இன்னொன்றாக வளர்ந்திருக்கின்றன. அதில் ஒரு கட்டத்தில், எல்லோரும் நல்லது என்று நம்பிய ஒரு காரியம் சோதனையில் தோற்றுப்போனது. இந்த ஆய்வுக்கு நான் எடுத்துக்கொண்ட நிகழ்வு அந்தத் தோல்வியும், அதற்கு முன்னும் பின்னும் நடந்தவையும்.

குழுவும் பின்னணியும்

பாரிஸ் நகரின் பத்தாவது வட்டாரத்தில் சேன் லூயி மருத்துவமனை இருக்கிறது. 1607இல் நான்காம் ஹென்றி மன்னர் கொள்ளைநோய்க் காலத்துக்காகக் கட்டத் தொடங்கிய இடம். இன்று அதன் ஐசியுவை மையமாக வைத்து இயங்குவது ஃபாமிரியா என்ற ஆய்வுக் குழு. எலி அசூலே என்ற தீவிர சிகிச்சை மருத்துவரும், நான்சி கென்டிஷ்-பார்ன்ஸ் என்ற சமூகவியலாளரும் இந்தக் கதையில் அடிக்கடி வரும் பெயர்கள். ஐசியு ஆய்வில் ஒரு சமூகவியலாளர் இருப்பது சின்ன விஷயம் இல்லை. மருத்துவர்கள் மட்டும் இருந்திருந்தால் மதிப்பெண்களோடு நின்றிருக்கும். ஜனங்கள் வாய்விட்டுச் சொன்னதையும் எழுதிவைக்க ஆள் கிடைத்தது இவரால்தான்.

2001இல் வெளியான ஆய்வு 43 பிரெஞ்சு ஐசியுக்களில் 920 குடும்பத்தாரைப் பார்த்தது. நோயாளி உள்ளே இருக்கும்போதே அவர்களில் 69 விழுக்காட்டினரிடம் பதற்றத்தின் அறிகுறிகளும், 35 விழுக்காட்டினரிடம் மனச்சோர்வின் அறிகுறிகளும் இருந்தன. 2005இல் வந்த அடுத்த ஆய்வு, ஐசியுவை விட்டு 90 நாள் கழித்துப் போன் செய்தது. மூன்றில் ஒருவரிடம் அதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சலுக்கான அபாயம் தெரிந்தது. நோயாளி இறந்திருந்தால் அது பாதிப் பேராக ஏறியது. சிகிச்சையை நிறுத்துவது போன்ற கடைசிக்கட்ட முடிவில் தாங்களும் பங்கெடுத்ததாகச் சொன்னவர்களிடம் 80 விழுக்காட்டைத் தாண்டியது.

இந்தக் கடைசி எண்ணைப் படிக்கும்போது பிரான்ஸின் சட்டத்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நோயாளி பேச முடியாத நிலையில் இருந்தால், 2005ஆம் ஆண்டின் லெயோனெத்தி சட்டப்படி, சிகிச்சையை நிறுத்தும் முடிவு மருத்துவருடையது. அவர் மற்ற மருத்துவர்களோடு கலந்து பேச வேண்டும், குடும்பத்தாரையும் நோயாளி நியமித்த நம்பிக்கைக்குரியவரையும் கேட்க வேண்டும். ஆனால் பாரம் அவர் தலையில். வீட்டார் கையெழுத்துப் போட்டால்தான் வென்டிலேட்டரை எடுப்பார்கள் என்ற ஏற்பாடு அங்கே இல்லை. அப்படிப்பட்ட நாட்டிலேயே, நானும் சேர்ந்துதானே முடிவெடுத்தேன் என்று நினைப்பவர்கள் இவ்வளவு உடைந்துபோனார்கள்.

அந்தப் போனில் என்ன கேட்கிறார்கள்

அடுத்து வந்தது 41 ஐசியுக்களில் நடந்த சீசர் ஆய்வு. 475 உறவினர்கள் சேர்ந்தார்கள். இறப்பு நடந்து 21ஆம் நாள் முதல் அழைப்பு. கடைசி நாட்கள் எப்படிப் போயின, வலி இருந்ததா, மூச்சுத் திணறியதா, மருத்துவர்கள் சொன்னது புரிந்ததா, விடைபெற முடிந்ததா என்று 15 கேள்விகள். அதன் பிறகும் மாதக்கணக்கில் இடைவெளி விட்டு அழைப்புகள் தொடர்ந்தன.

பிந்தைய அழைப்புகளில் வருவது உளவியல் அளவுகோல்கள். பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் 14 கேள்விகள் கொண்ட ஒன்று, அதிர்ச்சியின் தாக்கத்துக்கு 22 கேள்விகள் கொண்ட ஒன்று, ஆறாமல் நீடிக்கும் துக்கத்துக்கு 19 கேள்விகள் கொண்ட ஒன்று. முதலாவதில் வரும் ஒரு கேள்வியைப் பாருங்கள். நல்ல புத்தகத்தையோ ரேடியோ, டிவி நிகழ்ச்சியையோ ரசிக்க முடிகிறதா? பதில் நான்கில் ஒன்றாக இருக்க வேண்டும்: அடிக்கடி, சில நேரம், அவ்வளவாக இல்லை, மிக அரிதாக. நாற்பது வருடம் பக்கத்தில் உட்கார்ந்து டிவி பார்த்தவர் போய்விட்ட வீட்டில் இந்தக் கேள்வி எப்படிக் காதில் விழும் என்று யோசித்துப் பாருங்கள். "டிவி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, நான் பார்ப்பதில்லை, ஆனால் அணைக்க மனசு வரவில்லை" என்று ஒருவர் சொன்னால் அதை எந்தக் கட்டத்தில் போடுவது? 1983இல் மருத்துவமனைக்கு வரும் நோயாளிகளுக்காக எழுதப்பட்ட கேள்விகள் இவை. மனச்சோர்வைக் கண்டுபிடிக்க நல்ல கருவி. துக்கத்தில் இருப்பவர்களிடம் பேச்சுக்கொடுக்க எழுதப்பட்டது இல்லை.

ஆறாம் மாதத்தில் சீசர் ஆய்வின் 475 பேரில் 282 பேர் பதில் சொன்னார்கள். அவர்களில் 52 விழுக்காட்டினரிடம் துக்கம் சிக்கலாகி நீடிப்பதற்கான அறிகுறிகள் இருந்தன. தனியாக வாழ்பவர்கள், விடைபெற முடியாதவர்கள், மூச்சுக்குழாயோடு உறவினர் இறந்ததைப் பார்த்தவர்கள், மருத்துவர்களோடு சரியாகப் பேச்சு நடக்காதவர்கள் ஆகியோருக்கு ஆபத்து அதிகம் என்று தெரிந்தது. இறக்கும்போது கூடவே இருந்தவர்களும் இந்தப் பட்டியலில் வந்தது பலருக்கு ஆச்சரியம். கூட இருந்தால் மனசு ஆறும் என்றுதான் எல்லோரும் நினைப்போம்.

பங்கேற்றவர்கள் சொன்னது

இவ்வளவு கேட்டபிறகு, கேட்கப்பட்டது எப்படி இருந்தது என்றும் ஒருவர் கேட்க வேண்டும் இல்லையா? கென்டிஷ்-பார்ன்ஸும் அமெரிக்கச் செவிலிய ஆய்வாளர்கள் ஜெனிஃபர் மெக்காடம், கேத்லீன் புன்டிலோ ஆகியோரும் சேர்ந்து அதைச் செய்தார்கள். ஏற்கெனவே ஐசியு இறப்பு பற்றிய ஆய்வில் இருந்த குடும்பத்தாரிடம், ஏன் சேர்ந்தீர்கள், எது கஷ்டமாக இருந்தது என்று திறந்த மனதோடு விசாரித்தார்கள். 2015இல் அது வெளியானது.

சேர்ந்ததற்குச் சொன்ன காரணங்கள் எளிமையானவை. உள்ளே பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் நன்றி சொல்ல வேண்டும். நாளைக்கு இதே நாற்காலியில் உட்காரப்போகும் இன்னொரு குடும்பத்துக்கு உதவ வேண்டும். நடந்ததை யாரிடமாவது சொல்ல வேண்டும். நான்காவது காரணம்தான் என்னைக் கொஞ்ச நேரம் நிறுத்தியது: கைவிடப்பட்டதுபோல் இருக்கக் கூடாது.

ஐசியுவில் நோயாளி இருக்கும்வரை குடும்பத்தாருக்கு அந்த இடம் கிட்டத்தட்ட வீடு. எந்தச் செவிலியருக்கு எந்த ஷிஃப்ட் என்று தெரியும்; மானிட்டரில் எந்த எண் ஏறினால் பயப்பட வேண்டும் என்று தெரியும். உயிர் போன ஒரு மணி நேரத்தில் அந்த உறவு முழுக்க அறுந்துவிடுகிறது. படுக்கைக்கு அடுத்த ஆள் வந்தாக வேண்டும். சொந்தக்காரர்கள் வந்து துக்கம் விசாரிப்பார்கள், ஆனால் கடைசி ராத்திரி உள்ளே என்ன நடந்தது என்று அறிந்தவர்கள் மருத்துவமனையில் இருக்கிறார்கள். அங்கிருந்து யாரும் கூப்பிடுவதில்லை. ஆய்வாளர் கூப்பிட்டார். அவர் மதிப்பெண் போடத்தான் கூப்பிட்டார் என்பது தெரிந்தும், மருத்துவமனை நம்மை மறக்கவில்லை என்று சிலருக்குத் தோன்றியது.

கஷ்டங்களையும் மறைக்காமல் சொன்னார்கள். போன் வந்ததும் எல்லாம் மறுபடி கிளறப்பட்டது. ஓரளவு ஒதுக்கிவைத்திருந்த படுக்கை, குழாய், சத்தம் எல்லாம் திரும்ப வந்தன. இன்னொரு குறை கேள்வித்தாளின்மேல்: நான்கு பதில்களில் ஒன்றைத் தேர்ந்தெடு என்ற கட்டாயம். சொல்ல வந்ததைச் சொல்லவிடாமல் அடுத்த கேள்விக்குப் போவது எரிச்சலாக இருந்தது.

இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படுகிறது. அவர்களுக்கு நல்லது செய்தது யாரோ காதுகொடுத்தது. நோகடித்தவற்றில் ஒன்று, அந்தக் காது பாதியில் மூடிக்கொண்டது. பேச்சு எந்தத் திசையில் போனது என்பதுதான் கணக்கு. அடுத்து நடந்த கடிதச் சோதனையை நான் இந்தக் கண்ணோடுதான் படிக்கிறேன்.

இரங்கல் கடிதம்

குடும்பத்தார் கைவிடப்பட்டதாக உணர்கிறார்கள் என்றால், மருத்துவமனையே முதலில் கை நீட்டினால் என்ன? யாருக்கும் தோன்றும் யோசனை. இறப்புக்கு 15 நாள் கழித்து, அந்த நோயாளியைப் பார்த்துக்கொண்ட மருத்துவரும் செவிலியரும் கையால் எழுதிய ஒரு கடிதம். தமிழ் வாசகருக்கு அந்த நாள் கணக்கு உடனே பிடிபடும்: பதினாறாம் நாள் காரியம் முடிந்து வீடு காலியாகும் நேரம்.

கடிதம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கும் வரையறை வைத்தார்கள். இறந்தவரின் பெயரைச் சொல்ல வேண்டும். அவரைப் பற்றித் தனிப்பட்ட முறையில் ஏதாவது ஒன்று வர வேண்டும், பொத்தாம்பொதுவாக எழுதக் கூடாது. குடும்பத்தார் கூட இருந்ததைக் குறிப்பிட வேண்டும். தேவைப்பட்டால் எங்களைத் தொடர்புகொள்ளுங்கள் என்று உதவிக்கு முன்வர வேண்டும். இரங்கலோடு முடிக்க வேண்டும். அச்சடித்த படிவத்தில் பெயரை மட்டும் மாற்றி அனுப்பும் வேலை இல்லை இது. ஐசியு ஷிஃப்ட் முடித்த ஒருவர் பேனாவை எடுத்து உட்கார்ந்தால்தான் நடக்கும்.

22 ஐசியுக்கள், 242 உறவினர்கள். யாருக்குக் கடிதம், யாருக்கு இல்லை என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல் தீர்மானித்தார்கள். இரு தரப்புக்கும் 30ஆம் நாளிலும் ஆறாம் மாதத்திலும் போன். 2017இல் முடிவு வெளியானது.

30ஆம் நாள் மதிப்பெண்ணில் இரு தரப்புக்கும் பொருட்படுத்தத்தக்க வித்தியாசம் இல்லை. சரி, கடிதத்தால் பலன் இல்லை, அவ்வளவுதானே என்று விட்டிருக்கலாம். ஆறாம் மாதத்தில் கடிதம் பெற்றவர்களின் நிலை மோசமாக இருந்தது. அதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சலின் அறிகுறிகள் கடிதம் பெற்றவர்களில் 52.4 விழுக்காடு, பெறாதவர்களில் 37.1 விழுக்காடு. மனச்சோர்வின் அறிகுறிகள் 36.6க்கு 24.7.

இந்த எண்களைக் கொஞ்சம் நிதானமாகத்தான் பிடிக்க வேண்டும். ஆய்வின் முதன்மைக் கேள்வி 30ஆம் நாளைப் பற்றியது. அதில் வித்தியாசம் இல்லை. ஆறாம் மாதக் கணக்கு துணைக் கேள்வி. மனச்சோர்வில் தெரிந்த வித்தியாசம் புள்ளியியலின் விளிம்பில் நிற்கிறது, தற்செயலாகவும் வந்திருக்கலாம். ஆகவே கடிதம் கெடுதல் செய்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. கெடுதல் செய்திருக்கலாம் என்றுதான் ஆய்வாளர்களே எழுதினார்கள். எதிர்பார்த்த நன்மை அதிலிருந்து வரவில்லை என்பதை மட்டும் தைரியமாகச் சொல்லலாம்.

இதைவிடச் சிக்கலான விஷயம் ஒன்று உண்டு. கடிதம் பெற்றவர்கள் சிலரிடம் தனியாக விரிவாகப் பேசினார்கள். அவர்களில் பலர் கடிதத்தை மதித்தார்கள். மருத்துவமனை என்ற எந்திரத்துக்குள் மனிதர்கள் இருந்தார்கள் என்று தெரிந்தது, ஆதரவாக இருந்தது, இறந்தவரைப் பற்றி நினைத்துப் பேச ஒரு வாய்ப்பு கிடைத்தது என்றெல்லாம் சொன்னார்கள். கூடவே சந்தேகமும் இரண்டு மனமும் இருந்தன. மதிப்பெண் ஒரு பக்கம், வாய்வார்த்தை ஒரு பக்கம்.

எனக்கு இது முரண்பாடாகத் தெரியவில்லை. ஒரு பொருளைப் பொக்கிஷமாக வைத்திருப்பதும், அதைப் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சு கனப்பதும் ஒரே ஆளுக்கு நடக்கக்கூடியதுதான். ஆனால் இதிலிருந்து ஆய்வாளர்களுக்கு ஒரு எச்சரிக்கை கிடைக்கிறது. பங்கேற்றது நல்ல அனுபவம் என்று குடும்பத்தார் சொன்னதை, பங்கேற்பு அவர்களுக்கு நல்லது செய்தது என்று எடுத்துக்கொள்ள முடியாது. கடிதத்தையும் நல்லது என்றுதானே சொன்னார்கள். போன் அழைப்பே மனநிலையை மாற்றியதா என்று சோதிக்க, அழைக்கப்படாத ஒரு தரப்பு வேண்டும். அவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று அறிய அவர்களையும் அழைத்தாக வேண்டும். இந்த முடிச்சு அவ்வளவு லேசில் அவிழாது.

கடிதத்துக்கு என்ன ஆயிற்று

என் கணிப்பு இது. கடிதம் ஒருவழிப் பேச்சு. மருத்துவர் சொல்கிறார், வீட்டார் படிக்கிறார்கள். பதிலுக்கு எதையாவது கேட்க வேண்டுமென்றால், தொடர்புகொள்ளுங்கள் என்ற வரியை நம்பி ஐசியுவுக்கு அவர்களே போன் செய்ய வேண்டும். துக்கத்தில் இருப்பவர் அந்தப் போனைச் செய்வாரா? "அவர்கள் வேலையாக இருப்பார்கள், நான் போய்த் தொந்தரவு செய்ய வேண்டுமா?" என்று யோசித்து விட்டுவிடுவார். கேள்வி மட்டும் மனசுக்குள் நின்றுவிடும். கடிதம் கதவைத் தட்டியது, திறந்தபோது அங்கே யாரும் இல்லை.

இதே குழு 2007இல் வெளியிட்ட வேறொரு சோதனை இந்தக் கணிப்புக்குக் கொஞ்சம் பலம் தருகிறது. அலெக்சாந்த்ர் லோத்ரெத் முன்னின்று நடத்தியது. அதுவும் 22 பிரெஞ்சு ஐசியுக்கள்தான். இறக்கும் தறுவாயில் இருந்த 126 நோயாளிகளின் குடும்பங்களில் ஒரு பாதிக்கு, துக்கம் பற்றிய ஒரு கையேடும் முறையாகத் திட்டமிட்ட குடும்பச் சந்திப்பும் கிடைத்தன. சந்திப்பில் மருத்துவர் செய்ய வேண்டியவை: வீட்டார் சொல்வதை மதிப்பது, அவர்களின் உணர்ச்சியை ஒப்புக்கொள்வது, கேட்பது, நோயாளி எப்படிப்பட்ட மனிதர் என்று விசாரிப்பது, அவர்களைக் கேள்வி கேட்கத் தூண்டுவது. மறு பாதிக்கு வழக்கமான சந்திப்பு.

வழக்கமான சந்திப்பு 20 நிமிடம் போனது. அதில் குடும்பத்தார் பேசியது 5 நிமிடம். புதிய முறையில் 30 நிமிடம்; குடும்பத்தார் பேசியது 14 நிமிடம். 90 நாள் கழித்து அதிர்ச்சி அறிகுறிகள் வழக்கமான சந்திப்பு நடந்த தரப்பில் 69 விழுக்காடு, புதிய முறை நடந்த தரப்பில் 45 விழுக்காடு. மருத்துவர் கூடுதலாகச் செலவழித்தது பத்தே நிமிடம். அவர் கொஞ்சம் குறைவாகப் பேசினார், அவ்வளவுதான். ஐசியு வேலைப்பளுவைக் காரணம் சொல்பவர்களிடம் இந்த எண்ணைக் காட்டத் தோன்றுகிறது.

எடுக்கப்படாத போன்கள்

சீசர் ஆய்வில் ஆறாம் மாதத்துக்குள் 193 பேர் விலகிப் போயிருந்தார்கள். எடுக்காதவர்கள், எண் மாறியவர்கள், போதும் என்றவர்கள். பங்கேற்பு அனுபவம் பற்றி நாம் படிக்கும் நன்றியும் ஆறுதலும் எல்லாமே எடுத்துப் பேசியவர்களுடையவை. மிகவும் உடைந்துபோனவர்கள் விலகினார்களா, நன்றாகத் தேறிவிட்டவர்கள் இதெல்லாம் எதற்கு என்று விலகினார்களா என்பது அந்தப் பேச்சுகளில் கிடைக்காது. பிரெஞ்சில் தயக்கமின்றிப் போனில் பேசத் தெரியாதவர்கள், புலம்பெயர்ந்து பாரிஸில் வாழும் குடும்பங்கள் போன்றோர் இப்படிப்பட்ட ஆய்வுகளில் எளிதில் தவறிப்போவார்கள். சேன் லூயிக்கு நடந்துபோகும் தூரத்தில்தான் லா ஷப்பேல் இருக்கிறது, ஈழத்தமிழர் கடைகள் நிறைந்த பகுதி. அங்கிருந்து ஒரு அம்மா இந்த 15 கேள்விகளுக்குப் பிரெஞ்சில் பதில் சொல்வதைக் கற்பனை செய்துபார்க்கிறேன். மகன் மொழிபெயர்த்தால் சொல்ல நினைத்ததில் பாதியை அவனுக்காகவே விழுங்கிவிடுவார்.

கோவிட் முதல் அலையின்போது இந்தக் குழு 12 ஐசியுக்களில் இறந்தவர்களின் உறவினர்கள் 19 பேரோடு அளவுகோல் எதுவும் இல்லாமல் விரிவாகப் பேசியது. பார்க்கவிடாதது, மருத்துவரின் முகமே தெரியாதது, சடங்குகள் நின்றுபோனது பற்றி அவர்கள் சொன்னவை பலருக்கும் தெரிந்த துயரம்தான். ஆய்வு முறை பற்றி ஒன்று கவனிக்கலாம்: நூற்றுக்கணக்கானோரிடம் கட்டம் போட்டுக் கேட்டால் கிடைக்காதது 19 பேரைப் பேசவிட்டதில் கிடைத்தது.

அப்புறம்

கடிதம் தோற்றதோடு குழு நிற்கவில்லை. அடுத்த சோதனை 34 பிரெஞ்சு ஐசியுக்களில், 875 உறவினர்களோடு. 2022இல் வெளியானது. இந்த முறை தனி ஆட்களைப் பிரிக்காமல் ஐசியுக்களையே இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியில் மூன்று படி: இறப்பு நெருங்குகிறது என்று தெரிந்ததும் குடும்பத்தாரோடு சந்திப்பு; இறந்துகொண்டிருக்கும்போது மருத்துவரும் செவிலியரும் அறைக்கே போய்க் கூட நிற்பது; இறந்தபின் இரங்கல் சொல்லவும், கேள்வி இருந்தால் கேட்கவும் மறுபடி ஒரு சந்திப்பு. கடிதம் செய்யப் பார்த்த வேலையை மூன்றாவது படி நேரில் செய்கிறது. வீட்டார் எதிர்க்கேள்வி கேட்கலாம், அழலாம், கோபப்படலாம். எதிரில் ஆள் இருக்கிறார்.

ஆறாம் மாதத்தில் நீடிக்கும் துக்கம் இருந்தவர்கள் வழக்கமான ஐசியுக்களில் 21 விழுக்காடு, மூன்று படி நடந்த ஐசியுக்களில் 15 விழுக்காடு. பெரிய பாய்ச்சல் என்று சொல்ல மாட்டேன். ஏழில் ஒருவர் இன்னும் துக்கத்திலிருந்து மீளவில்லை. ஆனால் கடிதச் சோதனைக்குப் பிறகு, எண் சரியான பக்கம் நகர்ந்தது. இந்த இரண்டு எண்களும் முதல் மாதம், மூன்றாம் மாதம், ஆறாம் மாதம் என்று வந்த ஆய்வு அழைப்புகளை எடுத்துப் பேசியவர்களால் கிடைத்தவை. பாவம் என்று அவர்களை விட்டிருந்தால், கையெழுத்துக் கடிதங்கள் இன்றும் நல்லெண்ணத்தோடு, கேள்வியில்லாமல் போய்க்கொண்டிருக்கும்.